உடனிருந்தவர் செலவு

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வாசல் டீக்கடையில் அவரைப் பார்த்தேன். ராஜபாளையத்தில் மில் வேன் ஓட்டியவர். பஸ் மோதிக் கால் முறிந்திருந்தது. நானும் லாரி கவிழ்ந்து இடுப்பு உடைந்து, நஷ்டஈடு கேட்டு வந்தவன்தான். பேசும்போதெல்லாம் முட்டியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"வக்கீல் எல்லாத்துக்கும் கேட்டிருக்காரு தம்பி. வைத்தியம், போன சம்பளம், பட்ட வேதனை, சத்தான சாப்பாடு, கிழிஞ்ச வேட்டிக்குக்கூட. ஆஸ்பத்திரில கூட இருந்தவுகளுக்கும் உண்டாம். இவ என்னத்தப் பாத்தா? நல்லாத் தூங்குனா."

பக்கத்தில் நின்ற மனைவி விடவில்லை. "ஒங்க குறட்டையில எங்கிட்டுத் தூங்க? அதுக்கும் சேத்துக் கேக்கச் சொல்லுங்க."

அவர் சிரித்தார். "ஒங்களுக்கு யாரு கூட இருந்தா?"

என் வக்கீலும் இதையே கேட்டிருந்தார். சொல்ல ஆளில்லாததால் மனுவில் அந்தச் செலவை மட்டும் அடித்துவிட்டார்.

"யாருமில்லண்ணே" என்றேன்.

அதற்குள் அவரைக் கூப்பிட்டார்கள். மனைவியின் தோளைப் பிடித்து எழுந்தார். "மெதுவா, இன்னொரு காலையும் முறிச்சுக்காதீக" என்று அவள் திட்டிக்கொண்டே நடத்திப் போனாள்.

அவருக்கு எவ்வளவு கிடைத்ததோ தெரியாது. எனக்கு வயிறெரிந்தது அந்தத் தோளைப் பார்த்துத்தான். இன்னும் எரிகிறது.