அழகரைக் கொன்ற மனு

அழகர் செத்துப்போன சேதியை அவருக்கு வாசித்துச் சொன்னவள் அவருடைய மகள் இராக்கம்மாதான். 1913ஆம் வருஷம், பதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில் அது நடந்தது. அழகர் அப்போது வாசலில் குந்தி, ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

கடிதம் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்திருந்தது. அங்கே லயத்துப் பிள்ளைகளுக்குப் புதிதாகப் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள், படிப்பிக்க ஓர் ஆள் வேண்டும், வியாழக்கிழமை பத்து மணிக்குப் பங்களாவுக்கு நேரில் வா என்று அந்தத் தோட்டத்துத் துரை எழுதியிருந்தார். அதுவரைக்கும் நல்ல சேதி. அடுத்த வரியில், மரம் விழுந்து உன் தகப்பன் இறந்ததற்கு வருந்துகிறேன் என்றும் எழுதியிருந்தார்.

"அப்பா, நீங்க செத்துட்டீங்களாம்," என்றாள் இராக்கம்மா.

அழகர் வாயிலிருந்த ரொட்டியை விழுங்கிவிட்டு, "எப்ப?" என்று கேட்டார்.

இராக்கம்மாவுக்குப் பதினேழு வயது. ஐந்து வயதில், தேயிலைப் பெட்டிகளின் மேல் அச்சடித்திருந்த இங்கிலீஷ் எழுத்துகளைத் தானாகவே படித்துக்கொண்டவள். தேயிலை ஸ்டோரில் பெட்டிகளைத் தலைகீழாக அடுக்கி வைத்திருந்தார்கள், அதனால் அவளுக்கும் தலைகீழாகத்தான் வாசிக்க வந்தது. தோட்டம் பார்க்க வந்த மிஷன் அம்மா ஒருத்தி, பைபிளைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு கடகடவென்று வாசித்த இந்தப் பிள்ளையைக் கண்டு மயக்கம் போட்டு விழுந்தாளாம். எழுந்த கையோடு பதுளைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனாள். அந்தப் படிப்பு இந்த மாதத்தோடு முடிகிறது. வேலை கிடைக்காவிட்டால், ஒன்றாம் தேதி, காலையில் ஆள் கூப்பிடும் பெரட்டில் பேர் பதிந்துவிடுவேன் என்று கங்காணி சொல்லிவிட்டார். கொழுந்துக் கூடையைக்கூடப் பார்த்து வைத்துவிட்டார்.

அந்த வேலைக்கு அவள் தன் கையாலேயே இரண்டு பக்கம் விண்ணப்பம் எழுதி, தபாலில் போடும்படி தகப்பனிடம் கொடுத்திருந்தாள். அழகருக்குத்தான் மனசு கேட்கவில்லை. சின்னப் பிள்ளை எழுதின எழுத்துக்கு எந்தத் துரை மதிப்புக் கொடுப்பார்? கோழி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பதுளைக் கடைவீதியில் மனு எழுதும் ரெங்கசாமியிடம் போய்விட்டார். மகள் எழுதியதைத் தகரப் பெட்டியில் பத்திரப்படுத்திவிட்டு, ரெங்கசாமி எழுதியதைத் தபாலில் போட்டார்.

ரெங்கசாமியின் பேனாவுக்குப் பலியானவர்கள் அம்மை கண்டு செத்தவர்களைவிட அதிகம். மனு என்றால் துரை மனசு இளக வேண்டும், இளகுவதற்கு ஒரு சாவு வேண்டும் என்பது அவருடைய தொழில் நியாயம். மனுவுக்கு ஒரு தகப்பனாகத் தீர்த்துக்கொண்டே வந்தார்.

"உங்க தோட்டத்துல பெரிய மரம் இருக்கான்னுதான் கேட்டாரு தாயி," என்றார் அழகர். "நான் ஆமாங்கன்னேன்."

பெண் பிள்ளையைத் தனியாக அனுப்ப முடியாது, அழகர் கூடப் போயே ஆக வேண்டும். சித்தப்பா என்று சொல்லிவிட்டால் போகிறது என்று லயத்தில் எல்லோரும் யோசனை சொன்னார்கள். அழகருக்கும் சம்மதம். ஒருநாள் செத்திருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது என்றார். இராக்கம்மா ஒப்பவில்லை. பொய் சொல்லி வாங்கின வேலையில் உட்கார்ந்துகொண்டு பிள்ளைகளுக்கு உண்மை பேசு என்று எப்படிப் படிப்பிப்பது என்று கேட்டாள். தகரப் பெட்டியைத் திறந்து தன் விண்ணப்பத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மூன்று நாள் பயிற்சி நடந்தது. அழகரைத் துரையாக்கிக் கூடையைக் கவிழ்த்து உட்காரவைத்தாள். அவர் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "எத்தனை ராத்தல்?" கொழுந்து நிறுக்கும்போது கேட்கும் அதைத் தவிர, இருபத்திரண்டு வருஷத்தில் எந்தத் துரையும் அவரிடம் வேறு கேட்டதில்லை. துரைமார் முகமும் அவருக்குத் தெரியாது, அத்தனை வருஷத்தில் மாறி மாறி வந்த நாலு துரைமாரையும் பூட்ஸை வைத்துத்தான் அடையாளம் கண்டார். கடைசியில் அம்மா கருப்பம்மா, பங்களாவில் வீசியெறிந்த பழைய தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கூடைமேல் ஏறினாள்.

"என்னா கீழ பாக்கிற? என் மூஞ்சி மண்ணுலயா கெடக்கு?" என்று அவள் போட்ட அதட்டலில் அழகர் எழுந்து நின்றுவிட்டார். இராக்கம்மா நிமிர்ந்து, முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லப் பழகியது அந்தத் தொப்பிக்கு முன்னால்தான்.

புதன்கிழமை மாட்டு வண்டியில் பண்டாரவளை போய்த் தங்கினார்கள். வியாழன் காலை ரயிலேறி அப்புத்தளையில் இறங்கினார்கள். மூடுபனியில் தடவித் தடவிப் பங்களாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்று பேர் முன்னாலேயே வந்து நின்றார்கள். அதில் வடிவேல் என்றவன் கோட்டுப் போட்டு, கடிகாரச் சங்கிலி தொங்கவிட்டிருந்தான். அழகர் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டார்.

விறாந்தையில் துரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, தகப்பன் எப்படிச் செத்தான் என்றுதான் முதலில் கேட்டார். மூன்று பேரும் மரம் விழுந்து என்றார்கள். வடிவேல் கண்ணையும் துடைத்துக்கொண்டான்.

"இந்த ஊவா மாகாணத்தில மரம் எல்லாம் அப்பன் மேலதான் விழுறது?" என்றார் துரை.

"ஆமாங்க தொரை," என்றான் வடிவேல்.

அடுத்து இராக்கம்மா. கேள்வி வரும் முன்னாலேயே தன் இரண்டு பக்கத்தையும் மேசைமேல் வைத்தாள். "தொரை, எம்பேர்ல வந்த மனு பொய். எங்கப்பா உசிரோட வெளிய கேட்டுக்குப் பக்கத்துல நிக்கிறாரு. இதுதான் நான் எழுதினது."

துரை ஆளனுப்பி அழகரைக் கூப்பிட்டார். அழகர் குடையை மடக்கி, தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பாதையை விட்டுக் கீழே மழைத்தண்ணி ஓடும் கானுக்குள் இறங்கி நின்றார். கண் பூட்ஸின் மேல்.

"நீ இவ அப்பன்?"

"ஆமாங்க தொரை."

இராக்கம்மாவுக்கு மூச்சு வந்தது.

"நீ செத்துப் போனது?"

"ஆமாங்க தொரை."

வடிவேல் வாயைப் பொத்திக்கொண்டான். துரையின் முகம் சிவந்தது. "இந்தப் பொண்ணு பொய் சொல்றது?"

"ஆமாங்க தொரை."

பாவம், அழகர் கேள்வியைக் காதில் வாங்கவேயில்லை. துரை வாய் திறந்தால் ஆமாங்க என்பது பெரட்டுக் களத்துப் பழக்கம், கேள்வி முடியும் முன்னால் பதில் வந்துவிடும். முன்பு ஒரு துரை, பங்களாக் குதிரையைத் தின்றது நீயா என்று கேட்டதற்கும் ஆமாங்க என்று சொல்லி, குதிரை அகப்படும் வரை இரண்டு நாள் வேலையில்லாமல் கிடந்தவர் அவர்.

இராக்கம்மாவின் கண்முன்னே கொழுந்துக் கூடையும் கங்காணியும் வந்து போயின. ஆனாலும் நிமிர்ந்தே நின்றாள்.

"தொரை, நீங்க யானையான்னு அவருகிட்டக் கேளுங்க."

துரை அழகர் பக்கம் குனிந்து கேட்டார். "நான் யானை?"

அழகர் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு துரையைப் பூட்ஸிலிருந்து தொப்பி வரைக்கும் பார்த்தார். நன்றாகப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்து, "ஆமாங்க தொரை," என்றார்.

பங்களாவின் சமையல் குசினிக்குள்ளே யாரோ ஒரு தட்டைக் கீழே போட்டார்கள்.

துரை சிரிக்கவில்லை, மீசை மட்டும் ஆடியது. "என் ஸ்கூல்ல நீ முதல்ல என்ன படிச்சுக் குடுப்பே?"

எழுத்து, கணக்கு, சுத்தம் என்று வரிசையாக மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். அதெல்லாம் எங்கோ போய்விட்டது.

"இல்லைங்கன்னு சொல்லப் படிச்சுக் குடுப்பேன், தொரை."

"அது எனக்கு நல்லது இல்ல."

"பொய்யான ஆமாங்க தொரைக்கும் நல்லதில்லைங்க. உங்க மேசையில நாலு மனு கெடக்கு, ஒரே மரந்தான் நாலுலயும்."

துரை பைப்பைக் கீழே வைத்தார். "சரி. பொம்பளப் புள்ளைக்கு எழுத்து வேணாம், தையல் போதும். சரியா?"

அவளும் லயத்தில் பிறந்தவள்தானே. ஆமாங்க தொண்டை வரைக்கும் ஏறி வந்துவிட்டது. அம்மாவின் தொப்பியை நினைத்துக்கொண்டாள்.

"இல்லைங்க, தொரை. எழுத்தும் வேணும்."

துரை அவளுடைய இரண்டு பக்கத்தையும் எடுத்து, விரல் வைத்து மெதுவாகப் படித்தார். படித்து முடிக்கும்வரை வடிவேலின் சங்கிலிகூட ஆடவில்லை. கடைசியில், மூன்று மாதம் வேலை பார்க்கட்டும், ஒன்றாம் தேதி வரச்சொல் என்று பக்கத்தில் நின்ற கிளாக்கரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

திரும்பும் வழியெல்லாம் அழகரின் வாய் எதையோ சொல்லிப் பழகுவதுபோல அசைந்துகொண்டே வந்தது.

மறுநாள் பதுளைக் கடைவீதியில் ரெங்கசாமி அவர்களைப் பிடித்துக்கொண்டார். காதில் பேனா, காலில் பளபளக்கும் சப்பாத்து. "என்னா அழகரு, நம்ம மனுவாலதானே பொண்ணுக்கு வேல கெடச்சிச்சு?"

அழகரின் கண் சப்பாத்துக்குப் போனது. "ஆ" என்று ஆரம்பித்தே விட்டார். அதை அப்படியே விழுங்கினார். கண் மெல்ல ஏறியது, வேட்டி, கோட்டு, மூக்குக் கண்ணாடி.

"இல்லைங்க," என்றார் அழகர். சொன்ன பிறகு, தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும், "அந்தக் கோழியத் திருப்பிக் குடுங்க," என்றார்.