மெட்டுகுடாவின் ஆறு பூபாலன்கள்

சிகந்தராபாத் ஜெனரல் பஜாரில் ஒரு புடவைக் கடை இருக்கிறதாம். அங்கே ஒரே முகத்தோடு ஆறு அண்ணன் தம்பிகள் வேலை பார்க்கிறார்களாம். மௌலாலியில் ஒரு கல்யாணப் பந்தியில் கிளம்பிய பேச்சு இது. சொன்னவர் பார்த்ததில்லை, அவருடைய மச்சினிக்கு ஒரு மராட்டிக்காரம்மா சொன்னது. ஒருவர் நாந்தேடு, ஒருவர் ஹூப்ளி, ஒருவர் பாலக்காடு. அப்பாவுக்கு அடிக்கடி மாற்றல் வந்திருக்கும் என்று பாயசம் குடித்துக்கொண்டிருந்த ஒருவர் விளக்கமும் கொடுத்துவிட்டார்.

ஆறு பேரும் ஒரே ஆள்தான். மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த பூபாலன்.

வந்தவர் எந்த மொழியில் வாயைத் திறக்கிறாரோ, அந்த மொழிக்கு ஓர் ஊரும் பேரும் குடும்பமும் வைத்திருந்தார் பூபாலன். நம்மூர்க்காரன் என்று தெரிந்தால் யாரும் பேரம் பேசாமல் புடவை எடுப்பார்கள் என்பது அவர் கணக்கு. கன்னடத்தில் அவருக்கு நான்கு பெண்கள். மராட்டியில் பாவம், இன்னும் கல்யாணமே ஆகவில்லை. தெலுங்கில் சர்க்கரை வியாதி உண்டு, மலையாளத்தில் கிடையாது. இன்னொரு விதியும் வைத்திருந்தார்: விரித்த புடவையை மடிக்கிறவரை வாடிக்கையாளர் சொல்வதை மறுக்கக் கூடாது. சூரியன் மேற்கே உதிக்கிறது என்றால், அந்த வெளிச்சத்தில் இந்தப் பச்சை எடுப்பாக இருக்கும் என்பார்.

அவருடைய ஒரே மகள் ராஜி, ஜீடிமெட்லா மருந்துக் கம்பெனியில் கூட வேலை பார்க்கும் நிகிலை விரும்பினாள். தமிழ்க் குடும்பம்தான், பையனின் அப்பா பாதுகாப்புத் துறையில் பெரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. இந்த இடம் அமையாவிட்டால் வேறு இடமே வேண்டாம் என்று ராஜி சொல்லியிருந்தாள். பூபாலனுக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

"டாடி, ஸண்டே ஒரு நாள் நீ நீயாவே இரு, ப்ளீஸ்," என்றாள் ராஜி. "வேற ஊர்க்காரனா ஆயிடாத."

வெள்ளிக்கிழமை திரிபுரசுந்தரி கடைக்கு வந்தார். பல வருஷப் பழக்கம். முதல் நாள் தெலுங்கில் விலை கேட்டவர் என்பதால், அவருக்குப் பூபாலன் தெனாலி பாஸ்கர். அன்றும் தெலுங்கிலேயே நலம் விசாரித்து உட்கார்ந்தார். ஜாக்கெட் துணிப் பகுதியிலிருந்து ஆரோக்கியமேரி எட்டிப் பார்த்தாள்.

"தெனாலிக்கு சர்க்கரை உண்டில்லண்ணே? டீ எப்படிச் சொல்லட்டும்?"

"சும்மா இரும்மா," என்று தமிழில் முணுமுணுத்துவிட்டு, பூபாலன் பட்டுப் புடவையை விரித்தார்.

வருங்கால மருமகளுக்குத்தான் புடவை. ஆனால் அந்த அம்மாளுக்கு மனமில்லை. பையன் யாரையோ பிடித்துவிட்டானாம். மெட்டுகுடாவில் ரயில்வே குவார்ட்டர்ஸ் ஜனமாம். பெண்ணின் அப்பாவுக்கு டெக்ஸ்டைல் பிசினஸ் என்று பையன் அளக்கிறானாம். நம்பலாமா, பாஸ்கர்காரு?

யாரோ தெலுங்குக்கார வீட்டு விவகாரம் என்றுதான் பூபாலன் நினைத்தார்; புடவை வேறு விரிந்து கிடந்தது. "அவுனம்மா," என்று தெலுங்கில் ஆமாம் போட்டு ஆரம்பித்தார். நம்பவே கூடாது. மெட்டுகுடாவில் அவருக்குத் தெரியாத ஆளா? அங்கே ஜவுளி வியாபாரம் செய்கிற ஒருத்தன் கிடையாது, அந்த மனிதன் சுத்தப் பொய்யன் என்றார். அந்தக் குவார்ட்டர்ஸ் ஆட்கள் டீ குடிக்கக் கூப்பிட்டால் நாற்பது பேராக வந்து நிற்பார்கள் என்றார். அந்த அம்மாள் தலையாட்ட ஆட்ட, இவருக்கும் வேகம் ஏறியது.

"போதும்," என்றார் திரிபுரசுந்தரி தெலுங்கிலேயே. "இவ்வளவு நாளாக என் மனசில் இருந்ததை அப்படியே சொல்லிவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை வரவில்லை என்று அந்த ஆளிடமே சொல்லிவிடுகிறேன். பெண்ணைப் பார்த்தால் மட்டும் பாவமாக இருக்கிறது."

நிகில் கொடுத்திருந்த நம்பரைத் தேடுமுன் போனில் படத்தைக் காட்டினார். படத்தில் ராஜி சிரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் தெரிந்தது பூபாலன் வீட்டு ஃபிரிட்ஜ்.

மறுக்க வேண்டும். அதற்கு முதலில் புடவையை மடிக்க வேண்டும். பூபாலன் அள்ளி அள்ளி மடித்தார். பட்டு வழுக்கி வழுக்கி விரிந்தது. அதற்குள் அவருடைய சட்டைப் பையில் போன் அலறியது.

"அண்ணே, உங்க போன்தான்," என்றாள் ஆரோக்கியமேரி.

திரிபுரசுந்தரி போனைக் காதில் வைத்தபடி, "அடிச்சுண்டே இருக்கு, மனுஷன் எடுக்க மாட்டேங்கறாரே," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து பூபாலன் கேட்ட முதல் தமிழ். பிறகு பூபாலனிடம் தெலுங்குக்கு மாறி, எடுங்கள் பாஸ்கர்காரு, ஏதாவது அவசரமாக இருக்கும் என்றார்.

பூபாலன் புடவையை விடவில்லை. அந்த அம்மாள் இணைப்பைத் துண்டித்தார். பையில் சத்தம் நின்றது. மறுபடி போட்டார், பை மறுபடி அலறியது. இந்த முறை அவர் போனைக் காதில் வைக்கவில்லை. பூபாலனின் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பூபாலன் வாயைத் திறந்தார். ஆறு பேரில் ஒருவரும் முன்வரவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது.