மணவாளன் திருப்பி அனுப்பிய ஷாஃப்ட்டுகள்

உத்திரமேரூரில் நெல் மண்டி வைத்திருந்த வேதகிரியின் மகன் மணவாளன், 1978இல் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடித்தான். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் பம்புசெட் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. இயந்திரங்களுக்கு நடுவே நிற்கப்போகிறோம் என்று காக்கிச் சட்டைகூடத் தைத்துக்கொண்டு போனான். அவனைப் பர்ச்சேஸ் பிரிவில் மேசை போட்டு உட்கார வைத்தார்கள். உதிரி பாகங்களை வரைபடத்தோடு ஒத்துப்பார்த்து வாங்குவதுதான் வேலை.

அதை அம்மா சாமுண்டீஸ்வரிக்கு எப்படி விளக்குவது என்று தெரியாமல், கம்பெனிக்கு வேண்டிய சாமான்களை வாங்கிப் போடுவதாகச் சொல்லிவைத்தான்.

“கடைக்குப் போறதுக்கா இஞ்சினீருக்குப் படிச்ச?” என்றாள் அவள். தெருவில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று முடிவானது.

ஆனால் கொஞ்ச நாளிலேயே வீட்டு வாசலில் கார்கள் நிற்கத் தொடங்கின. வால்வு செய்பவர், வார்ப்படம் போடுபவர், நட்டு போல்ட்டு விற்பவர் எல்லோரும் உத்திரமேரூர் கோயில்களைத் தரிசிக்க வந்ததாகச் சொல்லி, போகிற வழியில் எட்டிப்பார்த்தார்கள். ஊரில் பக்தி இவ்வளவு பெருகியது அர்ச்சகர்களுக்கு மட்டும் தெரியாது. சாமுண்டீஸ்வரி இப்போது மகனின் வேலையை வாயாரச் சொன்னாள்.

அப்படி வந்தவர்களில் ஏகாம்பரமும் ஒருவர். காஞ்சிபுரத்தில் லேத் பட்டறை வைத்து, பம்பைச் சுழற்றும் ஷாஃப்ட்டுகளைக் கடைந்து கொடுப்பவர். அவர் கோயில் சாக்கெல்லாம் சொல்லவில்லை. நேரே தாம்பூலத் தட்டோடு வந்து, மகள் ஞானசுந்தரியைக் கொடுப்பதாகச் சொன்னார். வேதகிரி நெகிழ்ந்துபோனார். மணவாளன் பெண்ணின் போட்டோவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். வரைபடம் பார்க்கும்போதும் இடையிடையே அதை எடுத்துப் பார்த்தான்.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின வாரம் ஏகாம்பரத்தின் சரக்கு வந்து இறங்கியது. வழக்கப்படி ஒன்றைச் சோதனைக்கு அனுப்பினான். கேட்ட எஃகு அல்ல, மட்டமான இரும்பு என்று பதில் வந்தது. சாமி கும்பிட்டுவிட்டு இன்னொன்றை அனுப்பினான். இரும்பு மனம் மாறவில்லை. மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பினான்.

ஏகாம்பரம் கோபப்படாமல் வீட்டுக்கே வந்தார். “இன்னா மாப்ள, தண்ணி எறைக்கிற பம்புதான? ராக்கெட்டா வுடப் போறீங்க?” என்றார்.

“உங்க கெணத்துல இந்த ஷாஃப்ட் போட்ட பம்ப வெப்பீங்களா மாமா?” என்று கேட்டான் மணவாளன்.

“நான் ஏன் வெக்கிறேன்? வேற கம்பெனி பம்பு வெச்சிக்கினு கீறேன்.”

ஒளிவுமறைவில்லாத பதில். அவனுக்குச் சிரிப்பு வந்தது. போட்டோவை அவரிடமே கொடுத்துவிட்டான்.

வேதகிரி பல நாள் மகனோடு பேசவில்லை. மேலாளர் லோகநாதன் பேசினார். சின்னப் பையன்கள் நடைமுறை தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். பிறகு தானே கையெழுத்துப் போட்டு, திருப்பி அனுப்பிய அந்தச் சரக்கை வரவழைத்து உள்ளே எடுத்தார். மணவாளனுக்குத் துடைப்பம், பினாயில், கேன்டீன் புளி வாங்கும் பொறுப்பு வந்தது. அங்கேயும், கொட்டை அதிகம் என்று புளி மூட்டைகளைத் திருப்பி அனுப்பினான்.

அடுத்த கோடையில், முறிந்த ஷாஃப்ட்டுகளோடு பம்புகள் மாட்டுவண்டியிலும் லாரியிலும் திரும்பி வந்தன. சில விவசாயிகள் கருகிய பயிரைக் கொண்டுவந்து கேட்டில் போட்டார்கள். நிர்வாகம் உடனே நடவடிக்கை எடுத்தது: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு ஒன்றைத் தொடங்கி, அனுபவசாலியான லோகநாதனை அதற்குத் தலைவராக உயர்த்தியது. ஷாஃப்ட் வாங்கும் வேலையைத் தொட வேறு யாரும் துணியாததால் அது மணவாளனிடமே வந்தது. ஞானசுந்தரிக்கு இன்னொரு கம்பெனியின் பர்ச்சேஸ் அதிகாரியோடு கல்யாணம் ஆனது.

பிறகொரு வருஷம் மணவாளன் ஐயங்கார்குளத்துக்குப் பெண் பார்க்கப் போனான். பார்வதியின் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பஜ்ஜி முடிந்ததும், மாப்பிள்ளைக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். சொந்தத்தில் யாராவது லேத் வைத்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டான். வாத்தியார் உள்ளே திரும்பிப் பார்த்தார்.

“எங்க வூட்ல ஸ்க்ரூடிரைவர்கூட இல்லீங்க” என்றாள் பார்வதி உள்ளிருந்து.

அந்தத் தையில் கல்யாணம் நடந்தது.