பத்து மணி வளையல்

கிள்ளானில் எங்கள் வீட்டுப் பின்பக்கச் சமையலறையில் இடியாப்பம் பிழிந்து கொடுப்பதுதான் என் தொழில். காலை ஆறு மணிக்கு ஒரு நடை, பத்து மணிக்கு ஒரு நடை, பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள ஓர் உணவகத்துக்கு வேனில் போகும். இடியாப்பத்தை மலாய்க்காரர்கள் புட்டு மாயம் என்பார்கள். பெயர் எதுவானாலும் உரலைத் திருகுகிறவள் நான்தான். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரையில் கண் போய்விட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் வேறு. கூடத்தில் கட்டில் போட்டு வைத்திருந்தேன். அந்த உரலால்தான் வீடு ஓடியது.

எல்லாம் முறைப்படிதான் செய்திருந்தேன். தைஃபாய்டு ஊசி போட்டாயிற்று. ஒரு சனிக்கிழமை முழுக்க ஏசி குளிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்து, உணவு கையாளுகிறவர்களுக்கான வகுப்பையும் முடித்தாயிற்று. வகுப்பில் நகை போடக் கூடாது என்றார்கள். தங்கத்தைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். தங்கத்துக்கு நான் எங்கே போவேன்? கண்ணாடி வளையலை நகையில் சேர்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கும் தோன்றியிருக்காது.

சுகாதாரச் சோதனைக்கு வந்தவள் சின்னப் பெண். பூச்சோங்கில் வீடாம். தரையைப் பார்த்தாள், குப்பைத் தொட்டிக்கு மூடி இருக்கிறதா என்று பார்த்தாள், கடைசியில் என் கையைப் பார்த்தாள்.

“ஆன்டி, வளையல் கழட்டணும். அடுத்த தடவையும் இப்படி இருந்தா ஏ கிரேடு வராது.”

சுத்தத்துக்குத் தரும் அந்த ஏ கிரேடு இல்லாவிட்டால் உணவகம் என்னிடம் வாங்காது. முதலாளி அதை முன்பே சொல்லி வைத்திருந்தார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது, அவர் கடைக்கும் சோதனைக்கு ஆள் வருகிறார்கள்.

ஒரு வாரம் திட்டித் தீர்த்தேன். என் கை, என் மாவு, இத்தனை வருஷத்தில் என் இடியாப்பம் தின்று யார் செத்தார்கள் என்று அடுப்பிடம் கேட்டேன். வளையலோடுதான் பிழிந்தேன். எட்டாம் நாள் மாவு சலிக்கும்போது சல்லடையில் பச்சையாக ஒன்று மின்னியது. குருணை அளவு கண்ணாடி. கையைத் திருப்பிப் பார்த்தால் ஒரு வளையலில் விளிம்பு பெயர்ந்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அந்த மாவு முழுவதையும் கொட்டிவிட்டு, வளையல்களைக் கழற்றி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டேன். அந்தப் பெண்ணைத் திட்டியதை நினைத்து வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை கூடத்திலிருந்து அவர் கூப்பிட்டார்.

“காலைலேர்ந்து வளையல் சத்தமே கேக்கல. நான் செத்துட்டேனா?”

கண் போனதிலிருந்து நான் எங்கே நிற்கிறேன், என்ன செய்கிறேன் என்பதெல்லாம் அவருக்கு அந்தச் சத்தத்தில்தான் தெரியும். வாயில் நல்ல வார்த்தையே வராதா என்று முதலில் கத்தினேன். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து சட்டத்தைச் சொன்னேன், கண்ணாடித் துண்டையும் சொன்னேன். சட்டம் சரிதான் என்றார். ஆனால் தன் அம்மா வளையல் கழற்றியது ஒரே ஒரு தடவைதான் என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்.

அதனால் ஓர் ஏற்பாடு செய்தேன். பத்து மணிக்கு வேன் போனதும் கையைக் கழுவி, டின்னைத் திறந்து வளையலைப் போட்டுக்கொள்வேன். நேராகக் கட்டிலுக்குப் போய் அவர் காதுக்குப் பக்கத்தில் குலுக்குவேன். “இந்தா, கேட்டுக்குங்க. உசுரோடதான் இருக்கீங்க லா,” என்பேன். அவர் சிரிப்பார். அப்புறம்தான் தேத்தண்ணி. மறுநாள் விடியும்வரை வளையல் கையிலேயே இருக்கும். எட்டு ஒன்பது மாதம் இப்படியே போயிற்று.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. வேன் போயிற்று. வளையலைப் போட்டுக்கொண்டு போனேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். குலுக்கினேன். கோபமாக்கும் என்று நினைத்து இன்னொரு தடவை குலுக்கினேன். மூன்றாவது தடவையும் திரும்பாதபோதுதான் தோளைத் தொட்டேன்.

உயிர் போய் இரண்டு மணி நேரம் இருக்கும் என்றார் டாக்டர். அப்படியானால் நான் இரண்டாம் நடைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த நேரம். அந்த இடியாப்பம் பிரிக்ஃபீல்ட்ஸ் போயிருக்கும், யாராவது தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போட்டுச் சாப்பிட்டிருப்பார்கள். அதைத்தான் நினைத்தேன். வேறு எதுவும் நினைக்க வரவில்லை. அழுகையும் வரவில்லை. இன்றுவரை சரியாக வரவில்லை.

பதினாறாம் நாள் என் நாத்தனார் எனக்குப் பொட்டு வைத்து, பூ வைத்து, நான் மறுபடி கழற்றி டின்னில் வைத்திருந்த வளையல்களை எடுத்து இரண்டு கையிலும் போட்டுவிட்டாள். உடைப்பதற்காகப் போடுவது. தண்ணீர்க் குழாய் அங்கே இருக்கிறது என்று பெண்கள் என்னைச் சமையலறைக்குத்தான் அழைத்துப்போனார்கள். நாத்தனார் என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்தாள்.

“இங்க வேணாம்,” என்றேன். “கண்ணாடி மாவுல விழுந்துரும். வெளிய போவலாம்.”

நாத்தனார் அழுதுகொண்டே, “அண்ணி, இப்பகூடவா?” என்று கேட்டாள். நான் முன்னால் நடந்தேன். பின்சந்தில், கால்வாய் ஓரத்தில் வைத்து உடைத்தார்கள். எல்லாரும் போனபிறகு துடைப்பத்தை எடுத்து அந்த இடத்தை இரண்டு தடவை கூட்டினேன்.

போன மாதம் அந்தப் பெண் மறுபடி சோதனைக்கு வந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. முகமூடியும் தலைத்துணியும் போட்டிருந்ததால் என் நெற்றியும் தெரியாது. தரையைப் பார்த்தாள், மூடியைப் பார்த்தாள், என் கைகளைப் புரட்டிப் பார்த்தாள்.

“இந்த தடவ வளையல் இல்ல. நல்லா ஃபாலோ பண்றீங்க, ஆன்டி.”

தாளில் டிக் போட்டாள். தேங்க்ஸ்மா என்றேன். பத்து மணிக்கு வேன் வந்தது, ஏற்றி அனுப்பினேன். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். கூடத்தில் எனக்கு வேலை இல்லை.