கயிற்றில் இரண்டு மீட்டர்

என் அண்ணனைக் கூட்டாளிகள் பல்லி என்றுதான் கூப்பிடுவார்கள். உயரமான கட்டடங்களின் கண்ணாடியை வெளியே நின்று துடைப்பது அவன் வேலை. சுவரை ஒட்டிய குறுகலான விளிம்பில் நடப்பான். இடுப்பு வாரிலிருந்து ஒரு கயிறு, அதன் நுனியில் ஒரு கொக்கி, அதை மாட்டச் சுவரில் கால் மட்டத்தில் இரும்பு வளையங்கள். அவ்வளவுதான் பாதுகாப்பு.

நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். ஒருநாள் சாயங்காலம் அவன் வீட்டில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். புவியீர்ப்பு முடுக்கத்தின் அலகைப் பாதிப் பேர் தப்பாக எழுதியிருந்தார்கள்.

"மீட்டர், விநாடி, இன்னொரு விநாடி. எதுக்கு ரெண்டு தடவை? ஒண்ணு போதாதா வாத்தியாரம்மா?" என்றான், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

"விழற பொருளோட வேகம் முதல் விநாடி முடியறப்போ விநாடிக்குப் பத்து மீட்டர். அடுத்ததுல இருபது. அப்புறம் முப்பது. வேகத்துக்கே ஒரு விநாடி வேணும். அந்த வேகம் ஒவ்வொரு விநாடியும் கூடுதே, அதுக்கு இன்னொண்ணு. சரியாச் சொன்னா பத்து இல்ல, ஒன்பது புள்ளி எட்டு."

"நல்லவேளை, கொஞ்சம் குறைச்சிட்டாங்க."

அண்ணி முறைத்தாள். "சாப்பிடற நேரத்துல விழறதைப் பத்தித்தான் பேசணுமா?"

நான் விடவில்லை. "கயிறு எவ்வளவு தளர்வா விடற?"

"ரெண்டு மீட்டர். அப்பத்தான் கை வீசித் துடைக்க முடியும். விழுந்தாலும் கொஞ்ச தூரம்தானே?"

"கயிறு தூரத்தையா பார்க்கும்? அதுக்குள்ள வேகம் விநாடிக்கு ஆறு மீட்டரைத் தாண்டிடும் அண்ணா. அத்தனையையும் உன் இடுப்புதான் ஒரே இழுப்புல வாங்கணும்."

அவன் சிரித்தான். ஆனால் சோற்றைப் பிசைந்த கை நின்றுவிட்டது.

அடுத்த வாரம் அவனே வந்தான். "நேத்து கையிலிருந்து ஸ்பாஞ்ச் நழுவிச்சு. போகப் போக வேகம் கூடிக்கிட்டே போச்சு. இத்தனை வருஷமா நழுவுது, நேத்துத்தான் பார்த்தேன்." கயிற்றைக் குட்டையாகக் கட்டிவிட்டானாம். உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தான். அன்று மழையில்லாத, காற்றில்லாத, வெயிலும் அதிகமில்லாத நாள்.

குட்டைக் கயிறு ஓரத்துக் கண்ணாடிவரை எட்டாது. ஒரு வளையத்திலிருந்து கழற்றி அடுத்ததில் மாட்டினால்தான் எட்டும். இருந்ததோ ஒரே கொக்கி. முன்பெல்லாம் ஒரே வளையத்தில் நின்று முழு வரிசையையும் முடித்துவிடுவான்.

ஐந்தாவது மாடி. பதினைந்து மீட்டர். இரண்டு விநாடிகூட ஆகாது. அதற்கு மேல் கணக்குப் போட மனதை விடுவதில்லை.

துக்கம் கேட்க வந்த கூட்டாளி வாசலிலேயே நின்றார்.

"கொக்கியைக் கழட்டிட்டுக் கீழயே பார்த்துக்கிட்டு நின்னாரும்மா. கொக்கி கையிலயே இருந்துச்சு. 'மாட்டுங்கண்ணே, மாட்டுங்க'ன்னு கத்தினேன். வளையம் பக்கத்துலதாம்மா இருந்துச்சு."