யேஸ் என்றால் வேண்டாம்

அந்த மாநகரசபைத் தேர்தலில் மேயரையும் கவுன்சிலரையும் தெரிவு செய்வதோடு இன்னொரு கேள்விக்கும் பதில் போட வேண்டியிருந்தது. ரொறன்ரோ நகருக்குள் கசினோ வரலாமா? யேஸ் அல்லது நோ. நகரம் மறுத்தால் திறக்கமாட்டோம் என்று மாகாண அரசு சொல்லியிருந்தது. டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்துச் சனத்துக்கு அது வேலை மினக்கெட்ட, ஒன்றுக்கும் உதவாத கேள்வி. எனக்கோ அது என் குடும்பம் நிலைக்குமா என்ற கேள்வி.

என் கணவருக்குக் கசினோப் பைத்தியம். றிச்மண்ட் ஹில் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுத்தான் போவார். திரும்பும்போது நெற்றியில் திருநீறும் இருக்கும், அவ்வளவு கெட்டிக்காரன். அப்போது கசினோ நகரத்துக்கு வெளியே, நெடுந்தூரம் பஸ்ஸில் போகவேண்டிய இடத்தில் இருந்தது. யூனியன்வில்லில் வீடு வாங்கச் சேர்த்ததெல்லாம் அங்கேதான் கரைந்தது. இனி ஒருதரம் போனால் மகளையும் கூட்டிக்கொண்டு வெளியேறிவிடுவேன் என்றேன். சும்மா மிரட்டவில்லை.

அதன்பிறகு அவர் போகவில்லை. ஆனால் சில சனிக்கிழமைகளில் ஜக்கெற்றைக் கொழுவிக்கொண்டு கசினோ பஸ் வரும் பிளாசா வரை போவார். குளிரில் நின்று அலுத்து, பாண் ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்பி வருவார். அந்தத் தூரம்தான் எங்களைக் காப்பாற்றியது. வீட்டடியில் கென்னடி வீதியில் பஸ் ஏறினால் கசினோவில் இறங்கலாம் என்று ஆகிவிட்டால்?

இருவருக்கும் அதுதான் கனடாவில் முதல் வாக்கு. வீட்டில் ஆங்கிலம் என் பொறுப்பு. எந்தக் கடிதம் வந்தாலும் நான் சொல்வதுதான் அவருக்கு அர்த்தம். வாக்குப் போடும் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும்போது கேட்டார்.

“உந்தக் கசினோக் கேள்விக்கு யேஸ் எதுக்கு, நோ எதுக்கு?”

“கசினோவைத் தடுக்க வேணுமோ எண்டுதான் கேக்கிறாங்கள். யேஸ் எண்டால் வேண்டாம். நோ எண்டால் வரட்டும்.”

அப்பட்டமான பொய். வாய் தடுமாறவில்லை. வரட்டும் என்றுதான் அவர் போடுவார், நான் தலைகீழாகச் சொன்னால் நோவுக்குப் போட்டு, அந்த வாக்கு எங்கள் பக்கம் விழும் என்று கணக்குப் போட்டேன். அவர் சொன்ன அத்தனை கோயில் பொய்களுக்கும் என்னுடைய இந்த ஒன்று சரி என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே மட்டை மறைப்புக்குப் பின்னால் குனிந்தவர் நிமிரவேயில்லை. எனக்குப் பின்னால் வந்தவர்களும் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கிறாரோ, பொய்யைக் கண்டுபிடித்துவிட்டாரோ என்று பயந்தேன். கடைசியில் வெளியே வந்தார்.

“போட்டாச்சு,” என்றார். எதற்கென்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலை டீவியில் பெரிதாக நோ என்று விழுந்தது. நோவுக்குத்தான் கூடுதல் வாக்கு. எனக்குக் கத்த வேண்டும்போல் சந்தோஷம். திரும்பிப் பார்த்தேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

“சனம் நோ எண்டிட்டுது,” என்றார். “இஞ்சேரும், நாங்கள் இந்த ஊரை விட்டுப் போவம். உது இஞ்சை வந்தால் நான் துலைஞ்சு போவன். என்னாலை ஏலாது. நீரும் பிள்ளையும் என்னை விட்டிட்டுப் போயிடுவியள்.”

அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“கசினோ வராது,” என்றேன். “நோ எண்டால் வேண்டாம் எண்டுதான் அர்த்தம்.”

“நீரெல்லோ மற்றப்பக்கம் சொன்னனீர்?”

“ஓம். பொய் சொன்னனான்.”

அவர் டீவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டினால் நன்றாயிருக்கும்போல் இருந்தது.

“நான் யேஸுக்கெல்லோ போட்டனான்,” என்றார் மெதுவாக. “நீர் சொன்னதை நம்பி.”