எங்கள் தெருவில் அப்படி ஒரு பெண் இல்லை

“...அப்பிடி ஒரு பொண்ணே இந்தத் தெருவுல இல்ல, கெளம்புய்யான்னு தொரத்தி உட்டுட்டேன் தம்பி. வூட்ட போட்டோ புடிச்சிகினு, நம்ம பாப்பா பேர சொல்லி விசாரிச்சிகினு நிக்கறான். சும்மா வுடுவனா நானு?”

எதிர்வீட்டு அக்கா மீன்கூடையை எங்கள் வாசற்படியில் இறக்கிவைத்துவிட்டு, நல்ல காரியம் செய்த முகத்தோடு சொன்னாள். உள்ளறையில் காதில் ஹெட்போன் மாட்டியிருந்த மகள் அப்போதுதான் வெளியே வந்தாள். கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது.

படூரில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அதற்கு முன், கொடுத்த முகவரியில்தான் இருக்கிறாளா என்று ஓர் ஆள் வந்து பார்ப்பார். போனில் ஒரு படம், ஒரு டிக், அவ்வளவுதான். அந்த ஆளைத்தான் அக்கா விரட்டியிருந்தாள். ‘அப்படி யாரும் இல்லை’ என்று அவர் போட்டுவிட்டால் வேலை போச்சு.

அக்காவைக் குறை சொல்ல முடியாது. தேர்வு, நேர்காணல், உத்தரவு எல்லாம் அந்த அறைக்குள்ளேயே நடந்து முடிந்தன. “சேந்தப்பறம் சொல்லிக்கலாம்ப்பா, கடைசி நேரத்துல கேன்சல் பண்றாங்க” என்று மகள் எங்கள் வாயையும் கட்டியிருந்தாள்.

எனக்கு வேலை கிடைத்த கதை வேறு. அரசாங்கத் தொழிற்சாலை கேன்டீனில் சமையலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னதே இந்த அக்காவின் புருஷன்தான். கேட் பாஸ் தருவதற்கு முன் விசாரிக்க ஏட்டையா சைக்கிளில் வந்தார். அப்போதுதான் கல்யாணமாகித் தெருவுக்கு வந்திருந்த அக்கா, “நல்ல புள்ள சார். இன்னா, எட்டு மணிக்கு முன்னால எயுந்துக்க மாட்டான்” என்று சொல்லிவைத்தாள். அதையும் அவர் எழுதிக்கொண்டார். இன்றைக்கும் தெருவில் சிலருக்கு நான் ‘எட்டு மணி’தான்.

விஷயத்தைச் சொன்னதும் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். “ஒரு வார்த்த சொன்னா இன்னாடி? ஏன் தம்பி, பொண்ணுக்குக் கண்ணாலம்னாலும் இப்பிடித்தான் கமுக்கமா முடிப்பீங்களா?”

கம்பெனி மெசேஜில் அனுப்பியிருந்த அந்த ஆளின் எண்ணுக்கு மகள் மூன்று முறை அடித்தாள். எடுக்கவில்லை.

“இப்பத்தான் பஸ் ஸ்டாண்டாண்ட கரும்பு ஜூஸ் குடிச்சிகினு இருந்தான். வண்டிய எடுடி!”

கூடையைக் காக்கையிடமிருந்து பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னை உட்காரவைத்துவிட்டு, ஸ்கூட்டரில் மகளின் பின்னால் ஏறிப் போனாள். கால்மணி நேரம் கழித்து இரண்டு வண்டிகள் வந்தன. பின்னால் மகள் தனியாக. முன்னால் அந்த ஆளின் பைக். தப்பித்துவிடாதபடி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்சீட்டில் அக்கா.

அவர் போனை எடுத்தார். “நீங்க கொஞ்சம் நகருங்கம்மா, வீடும் பொண்ணும் மட்டும் போதும்.”

“இல்லன்னு சொன்னவ நானு. கீதுன்னு சொல்லவும் நாந்தானே நிக்கணும்?” என்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, மகளின் தோளை அணைத்தபடி படத்துக்கு நிமிர்ந்து நின்றாள்.